பூத் ஏஜென்ட் வேலை: மாதிரி ஓட்டு முதல் 17சி வரை

பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறவர் கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது ஒரு படிவம், ஒரு வாக்காளர் பட்டியல், டிபன் காசு. எதைப் பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது, எந்த இடத்தில் வாய் திறப்பது என்று சொல்லிக் கொடுக்கக் கட்சி ஆபீசில் யாருக்கும் நேரம் இருக்காது. ஆனால் சாவடிக்குள் நடந்ததற்கு வேட்பாளர் தரப்பில் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஏஜென்ட்தான். அவர் எழுதி வைக்காத எண்ணும், எழுத்தில் கொடுக்காத புகாரும் மறுநாள் எங்கும் எடுபடாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 11 சட்டமன்றத் தொகுதிகளில் முதல் முறையாக உட்காருகிறவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கும் மக்களவைத் தேர்தலுக்கும் நடைமுறை ஒன்றே. ஊராட்சித் தேர்தல் வேறு மாதிரி. அதைக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

படிவம் 10, யார் உட்காரலாம்

நியமனம் படிவம் 10-ல். வேட்பாளர் அல்லது அவருடைய தலைமைத் தேர்தல் முகவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வட்டச் செயலாளரோ கிளைச் செயலாளரோ போட்ட கையெழுத்து செல்லாது. வேட்பாளரின் மாதிரிக் கையெழுத்து, சாவடிக்குப் பொறுப்பான தலைமை அலுவலரிடம் முன்பே இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பார். படிவத்தின் கீழே உள்ள உறுதிமொழியில் ஏஜென்ட் கையெழுத்துப் போட வேண்டியது சாவடியில், தலைமை அலுவலரின் கண் முன்னால். வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்து காலை ஐந்து மணிக்கு வேறு படிவம் தேடி ஓடுகிறவர்கள் உண்டு.

ஒரு சாவடிக்கு ஒரு ஏஜென்ட், இரண்டு மாற்று ஏஜென்ட். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான். அந்தச் சாவடியின் அல்லது பக்கத்துச் சாவடியின் வாக்காளராக இருப்பது முறை. ஆள் கிடைக்காவிட்டால் அதே சட்டமன்றத் தொகுதியின் வேறு வாக்காளரைப் போடலாம். வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும்.

அரசு ஊழியர் உட்காரவே கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 134ஏ பிரிவின்படி 3 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அங்கன்வாடி ஊழியர், ரேஷன் கடை நடத்துபவர், அரசிடம் மதிப்பூதியம் பெறுபவர் ஆகியோரையும் தேர்தல் ஆணையம் விலக்கி வைத்திருக்கிறது. அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், நகராட்சித் தலைவர் ஆகியோருக்கும் இடமில்லை. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் தடை இல்லை.

கையில் கொண்டுபோக வேண்டியவை: படிவம், அட்டை, திருத்தங்களோடு கூடிய இறுதி வாக்காளர் பட்டியல், ஒரு நோட்டு, இரண்டு பேனா, சில்லறையாகச் சில 2 ரூபாய் நாணயங்கள். நாணயம் எதற்கு என்பது பின்னால் வரும். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கரை வேட்டி, கட்சித் துண்டு, சின்னம் பதித்த சட்டை எதுவும் வேண்டாம். இதை வைத்து வெளியே அனுப்ப எதிர்த்தரப்புக்கு ஒரு நிமிடம் போதும்.

விடியற்காலை ஒன்றரை மணி நேரம்

நாள் முழுவதும் சேர்ந்த வேலையை விட இந்த ஒன்றரை மணி நேர வேலை பெரியது. வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால், மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு 5.30-க்குத் தொடங்கும். ஏஜென்ட் யாரும் வராவிட்டால் 15 நிமிடம் காத்திருந்து, பிறகு அவர்கள் இல்லாமலே நடத்திவிடலாம். ஆகவே 5.15-க்கு வாசலில் நில்லுங்கள். பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலை போல, மெஷினையே கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோகிற ஊர்களில் அந்த ஊர்க்காரரையே ஏஜென்டாகப் போடுவதைத் தவிர வழியில்லை. அடிவாரத்திலிருந்து விடியற்காலை கிளம்பி ஏறுகிற ஆள் மாதிரி ஓட்டுக்கு வந்து சேர மாட்டார்.

முதலில் நோட்டில் மூன்று எண்களை எழுதுங்கள்: கட்டுப்பாட்டுக் கருவியின் (அலுவலர் மேசையில் இருப்பது) எண், வாக்களிக்கும் கருவியின் (மறைப்புக்குள் இருப்பது) எண், விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) எண். இந்தச் சாவடிக்கு ஒதுக்கிய எண்களின் பட்டியல் வேட்பாளரிடம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கும். அதோடு ஒத்துப்போக வேண்டும்.

மாதிரி ஓட்டு குறைந்தது 50. நோட்டா உட்பட ஒவ்வொரு பட்டனுக்கும் ஒன்றாவது விழ வேண்டும். 14 வேட்பாளரும் நோட்டாவும் என்றால் 15 பட்டன், பட்டனுக்கு மூன்று போட்டால் 45, மீதி 5 யாருக்கு வேண்டுமானாலும். யார் எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்தினார்கள் என்று அப்போதே கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். பிறகு தலைமை அலுவலர் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்ற வரிசையில் பட்டன்களை அழுத்துவார். ரிசல்ட் காட்டும் எண்கள், உங்கள் கோடுகள், விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகள் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டை எண்ணாமல் விட்டால் எண்ணச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

அதிகம் சறுக்குகிற இடம் க்ளியர்தான். அவசரத்தில் அதை அழுத்த மறந்தால் 50 மாதிரி ஓட்டும் உள்ளேயே தங்கி, உண்மையான ஓட்டோடு சேர்ந்துவிடும். மாலையில் கணக்குப் பார்க்கும்போது மெஷின் 50 கூடுதலாகக் காட்டும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. எண்ணும் நாளில் அந்த மெஷினை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அப்படி ஒதுக்கிய மெஷின்களின் மொத்த ஓட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால்தான் அவற்றின் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். எனவே க்ளியர் அழுத்தியதும் டோட்டலை அழுத்தச் சொல்லி, திரையில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பிறகே தலையாட்டுங்கள்.

இரண்டாவது, விவிபேட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை வெளியே எடுப்பது. ஒவ்வொன்றின் பின்னாலும் மாதிரி என்று முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு, சீல் வைத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து அதற்கும் இளஞ்சிவப்புத் தாள் முத்திரை ஒட்ட வேண்டும். காலிப் பெட்டியை எல்லோருக்கும் காட்ட வேண்டும். மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் ஏஜென்டும் கையெழுத்துப் போடுவார். பூஜ்யத்தையும் காலிப் பெட்டியையும் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து சீல். கட்டுப்பாட்டுக் கருவியின் ரிசல்ட் பகுதிக்கு மேல் பச்சைத் தாள் முத்திரை ஒன்று வரும். அதில் வரிசை எண் அச்சாகியிருக்கும். அதன் வெள்ளைப் பக்கத்தில் தலைமை அலுவலர் கையெழுத்துப் போட்டதும், நீங்களும் போடலாம். போடுங்கள். மூடியதும் பச்சைத் தாளின் இரு முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேல் மூடியைத் திறக்க வேண்டுமானால் தாள் கிழிந்தே ஆக வேண்டும். உள்மூடிக்கு நூலும் அரக்கும் சிறப்பு அட்டையும். பச்சைத் தாளின் எண்ணையும் அட்டையின் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு தாள் கிழிந்து வேறு தாள் போட்டால் கிழிந்த தாளின் எண்ணும் வேண்டும், அது மாலையில் 17சி-யில் (பதிவான ஓட்டுகளின் கணக்குப் படிவம்) கணக்காக வரும்.

பட்டியலும் முகமும்

ஏஜென்டுகளின் நாற்காலி, உள்ளே வருகிற வாக்காளரின் முகமும் முதல் வாக்குப்பதிவு அலுவலரின் மேசையும் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கட்சி, மாநிலக் கட்சி, அதன் பின் பதிவு பெற்ற கட்சிகள், சுயேச்சை என்று உட்காரும் வரிசை உண்டு. முதுகு மட்டும் தெரிகிற இடத்தைக் கொடுத்தால் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் அலுவலர் பட்டியலின் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகச் சொல்வார். இங்கேதான் நம் பக்கத்துச் சாவடிகளுக்கென்றே ஒரு சிக்கல். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஒரே பாகத்தில் (ஒரு சாவடிக்குரிய பட்டியல்) மாதையன், மாது, மாதம்மாள், முனியம்மாள் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சாவடி ஊழியர்களோ வெளியூர்க்காரர்கள். 214-ல் இருக்கும் மாதம்மாளுக்குப் பதிலாக 241-ல் இருக்கும் மாதம்மாள் மேல் கோடு போட்டுவிட்டால், அந்த அம்மா மதியம் கல்யாண வீட்டிலிருந்து வந்து நிற்கும்போது "உங்க ஓட்டு போட்டாச்சு" என்ற பதில் கிடைக்கும். கள்ள ஓட்டு என்று கிளம்பும் சண்டைகளில் ஒரு பகுதி இப்படித் தப்பான வரியில் விழுந்த கோட்டால் வருவது. பெயரை மட்டும் கேட்டுத் தலையாட்டாமல், வரிசை எண், கணவர் அல்லது தகப்பனார் பெயர் இரண்டையும் உங்கள் பட்டியலில் பார்த்துக் கோடு போடுங்கள். தவறு தெரிந்தால் அந்த நொடியிலேயே சொல்லுங்கள். விரலில் மை வைத்த பிறகு திருத்துவது கஷ்டம். ஓசூர், தளி, வேப்பனஹள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அலுவலர் வாசிக்கிற பெயர் அவர்கள் காதுக்கே புரியாமல் போகலாம். அந்த மொழி தெரிந்த ஏஜென்டைப் போடுவது நல்லது.

பெயர் எழுத்துப் பிழை, வயதில் ஒன்றிரண்டு வித்தியாசம், மங்கிய புகைப்படம் ஆகியவை ஓட்டை மறுக்கக் காரணமாகாது. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை போன்ற 12 ஆவணங்களில் ஒன்று போதும். வேறு தொகுதியில் வாங்கிய பழைய வாக்காளர் அட்டையும் செல்லும், ஆனால் பெயர் இந்தப் பாகத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். வெறும் பூத் சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது.

பெங்களூரு, திருப்பூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர்கள் ஓட்டுக்காக ஊர் திரும்புவார்கள். கணக்கெடுப்பின்போது வீடு பூட்டியிருந்ததால் அவர்கள் பெயர் "வராதோர், இடம் மாறியோர், இறந்தோர்" பட்டியலில் ஏறியிருக்கலாம். ஏஎஸ்டி லிஸ்ட் என்பது இதுதான். அதில் பெயர் இருப்பதால் ஓட்டு போய்விடவில்லை. தலைமை அலுவலர் ஆவணத்தை நேரில் சரிபார்த்து, பெயரைச் சத்தமாகச் சொல்லி, கையெழுத்தோடு கைரேகையும் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட விட வேண்டும். உங்கள் வாக்காளரைத் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். ஆள்மாறாட்டம் செய்ய நினைப்பவர்களும் முதலில் தேடுவது இதே பட்டியலைத்தான். எனவே அந்தப் பெயர்களுக்கு நேராக உங்கள் பட்டியலில் முன்பே புள்ளி வைத்துக்கொண்டு, அந்த எண் வரும்போது நிமிர்ந்து முகத்தைப் பாருங்கள்.

2 ரூபாய் எதற்கு

வந்திருப்பவர் பட்டியலில் உள்ளவர் அல்ல என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஒவ்வோர் ஆட்சேபணைக்கும் தனித்தனி 2 ரூபாய். கூச்சல் போடுவது ஆட்சேபணை ஆகாது, பணம் கட்டினால்தான் விசாரணை. தலைமை அலுவலர் முதலில் உங்களிடம்தான் ஆதாரம் கேட்பார். உங்களால் எதுவும் காட்ட முடியாவிட்டால் வாக்காளரைக் கேள்வி கேட்காமலே ஓட்டுப் போட விடுவார். ஊர்க்காரர்களையோ, வி.ஏ.ஓ.வையோ கூப்பிட்டு அடையாளம் கேட்கலாம். ஆட்சேபணை உண்மையானால் பணம் திரும்ப வரும், ஆள் போலீசிடம் போவார். உள்நோக்கத்தோடு போட்டதென்றால் பணம் போய்விடும். எல்லாம் படிவம் 14-ல் பதிவாகும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஆட்சேபிக்க முடிவது ஆள் அடையாளத்தை மட்டுமே. வயது பதினெட்டு ஆகவில்லை, இந்த ஊர்க்காரர் இல்லை என்பதெல்லாம் பட்டியல் தயாரிக்கும்போது எழுப்ப வேண்டிய கேள்விகள்.

தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டதாக வந்து நிற்பவருக்கு தேர்தல் நடத்தும் விதிகள் 1961-ன் விதி 49பி-யின்படி (49P) ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தர வேண்டும். இது காகித ஓட்டு. சாவடிக்கு 20 சீட்டு கொடுத்திருப்பார்கள். அதில் முத்திரை குத்தி, உறையில் போட்டு, படிவம் 17பி-யில் கையெழுத்து. மெஷினில் போட விட மாட்டார்கள், எண்ணிக்கையிலும் சேராது. பின்னால் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனால் பயன்படும். அதனால் எண்ணாத ஓட்டு எதற்கு என்று வாக்காளரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், போடச் சொல்லுங்கள்.

தான் அழுத்திய சின்னம் விவிபேட் சீட்டில் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் அதற்கு விதி 49எம்ஏ. சீட்டு 7 விநாடி தெரியும். பொய்ப் புகார் தண்டனைக்குரியது என்று எச்சரித்து, எழுத்தில் உறுதிமொழி வாங்கி, ஏஜென்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள். புகார் உண்மை என்றால் வாக்குப்பதிவு உடனே நிற்கும். பொய் என்றால் அந்த ஓட்டு எந்த வேட்பாளருக்கு விழுந்தது என்று 17ஏ-விலும் (ஓட்டுப் போட வருகிறவர்களைப் பதியும் பதிவேடு) 17சி-யிலும் எழுதி, எண்ணும்போது கழிப்பார்கள். அந்த வேட்பாளர் பெயரை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்வையற்றோர், தனியாகப் பட்டனை அழுத்த முடியாதோருடன் வரும் துணையாளருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், படிவம் 14ஏ-யில் பதிவு வேண்டும், ஒருவர் அன்றைக்கு ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை போகலாம். ஒரே ஆள் மூன்று பாட்டிகளை அழைத்துக்கொண்டு வந்தால் நீங்கள் நிறுத்த வேண்டிய இடம் இது.

வயதானவர்கள் மறைப்புக்குள் நின்று "எதை அமுக்கறது சாமி" என்று கேட்பார்கள். வெளியே வைத்திருக்கும் அட்டை மாதிரியைக் காட்டித்தான் விளக்க வேண்டும். மறைப்புக்குள் போக வேண்டி வந்தால் தலைமை அலுவலர் மட்டுமே போகலாம், விரும்புகிற ஏஜென்டுகளைக் கூடவே வர அனுமதிக்க வேண்டும் என்று விதி 49க்யூ சொல்கிறது. அவர் எழுந்து உள்ளே போனால் நீங்களும் எழுந்திருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டோட்டல் எண்ணையும் 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணையும் கேட்டு எழுதுங்கள். ஒன்றிரண்டு வித்தியாசம் என்றால் மை வைத்துவிட்டு மறைப்புக்கு முன் நிற்பவர்கள்தான், அவர்கள் போட்டு முடித்ததும் மறுபடி பாருங்கள். நிலைத்து நிற்கிற வித்தியாசத்தை அப்போதே பதிவு செய்ய வைக்க வேண்டும். மெஷின் பழுதானால்: கட்டுப்பாட்டுக் கருவியோ வாக்களிக்கும் கருவியோ கெட்டால் விவிபேட்டோடு சேர்த்து முழு செட்டையும் மாற்றி, நோட்டா உட்பட ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மாதிரி ஓட்டுப் போட வேண்டும். விவிபேட் மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றுவார்கள், மாதிரி ஓட்டு கிடையாது. புது எண்களை எழுதுங்கள்.

மாலை 6 மணி

6 மணிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனை பேரானாலும் ஓட்டு உண்டு. தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டைக் கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கிக் கொடுத்துக்கொண்டு முன்னால் வருவார். முன்னாலிருந்து தொடங்கினால் வால் நீண்டுகொண்டே போகும்.

க்ளோஸ் அழுத்தியதும் திரையில் வரும் மொத்தத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். பிறகு 17சி, முதல் பகுதி. கணக்கு எளிது. உதாரணமாக 17ஏ-யில் பதிவானவர் 861, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போட மறுத்தவர் 1 (விதி 49ஓ), ரகசியத்தை மீறியதால் தடுக்கப்பட்டவர் இல்லை (விதி 49எம்). மெஷினில் 860 இருக்க வேண்டும். இதோடு ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டுகளின் கணக்கும், தாள் முத்திரைகளின் எண்களும் அதில் வரும். காலையில் எழுதிய எண்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். சான்றொப்பமிட்ட நகலை அங்கிருக்கும் ஒவ்வோர் ஏஜென்டுக்கும் தலைமை அலுவலர் கொடுத்தாக வேண்டும் (விதி 49எஸ்). நகல் வாங்காமல் எந்த அவசரத்துக்காகவும் சாவடியை விட்டுப் போகாதீர்கள். பஸ் போய்விடும் என்று 5 மணிக்கே கிளம்புகிற ஏஜென்ட், நாள் முழுக்க உட்கார்ந்ததன் பலனை விட்டுவிட்டுப் போகிறார். பெட்டிகளுக்குச் சீல் வைக்கும்போது நீங்களும் கையெழுத்துப் போடலாம். மெஷின் ஏற்றிய வண்டியின் பின்னால் உங்கள் வண்டியில் போகலாம்.

புகார் என்றால் எழுத்து

பெட்டமுகிலாளம் போன்ற மலைப்பகுதிச் சாவடிகளில் போன் சிக்னலை நம்ப முடியாது. சிக்னல் இருக்கிற ஊரிலும் வாய்ப்புகார் நிற்காது. நேரம், வாக்காளர் வரிசை எண், நடந்தது என்ன என்று நான்கு வரியில் எழுதி, தலைமை அலுவலரிடம் கொடுத்து, அவரது டைரியில் ஏற்றச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி மாற்று ஏஜென்ட் மூலம் மண்டல அலுவலருக்கும் வேட்பாளருக்கும் போகட்டும். மறுநாள் தேர்தல் நடத்தும் அலுவலரும் பார்வையாளரும் 17ஏ-வையும் டைரிகளையும் வேட்பாளர்கள் முன்னிலையில் பரிசீலித்துத்தான் மறுவாக்குப்பதிவு பற்றி ஆணையத்துக்கு எழுதுவார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 18 அன்று ஓட்டுப்பதிவு முடிந்த பிறகு, நத்தமேடு உட்பட பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றத் தொகுதியின் 8 சாவடிகளில் முறைகேட்டுப் புகாரின் பேரில் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. அப்படி ஒரு நிலை வந்தால் ஆணையத்தின் முன் பேசுவது காகிதம்தான்.

17சி நகல் அன்றிரவே வேட்பாளர் கைக்குப் போய், எண்ணும் நாளில் அந்த மேசையின் எண்ணிக்கை முகவர் கையில் இருக்க வேண்டும். தர்மபுரிக்கு எண்ணுமிடமாகச் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி இருந்து வருகிறது. அங்கே உங்கள் சாவடி மெஷின் மேசைக்கு வந்ததும் முகவர் பார்க்க வேண்டியவை மூன்று: கருவியின் எண், பச்சைத் தாளின் எண், மொத்த ஓட்டு. மூன்றும் ஒத்துப்போன பிறகே ரிசல்ட் பட்டன். ஏதாவது ஒன்று மாறினால் அந்தச் சுற்று முடிவதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஊராட்சித் தேர்தல் என்றால்

இதை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். கிராமங்களில் மெஷின் இல்லை, பெட்டிதான். ஒருவருக்கு நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (ஒரே சாவடியில் இரண்டு வார்டு வந்தால் ஒன்றுக்கு நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். காலையில் காலிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, பெட்டி எண்ணையும் முத்திரை எண்ணையும் எழுதுங்கள். நான்கு நிறத்துக்கும் முதல் சீட்டின் எண், கடைசிச் சீட்டின் எண் தனித்தனியாக வேண்டும். ஒரு சாவடியில் இரண்டு வார்டு இருந்தால், வாக்காளருக்கு அவருடைய வார்டுச் சீட்டுதான் போகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஓரிரு ஓட்டில் ஜெயிக்கிற வார்டுத் தேர்தலில், நிறம் மாறிப்போன நான்கைந்து சீட்டு முடிவையே மாற்றிவிடும். மாலையில் ஒவ்வொரு நிறத்துக்கும் வழங்கியது, மிஞ்சியது, கெட்டது என்று வாக்குச்சீட்டுக் கணக்கு எழுதுவார்கள். நான்கையும் குறித்துக்கொண்டே எழுந்திருங்கள்.